சுகமாக்கியவர் யார்? ஓரியூரிலிருந்து நிக்கேயா வரை

இயேசு கடவுளா, அல்லது கடவுள் அனுப்பிய பெரிய மனிதரா? விருதுநகர்ப் பக்கத்தில் இது புதிய கேள்வி அல்ல. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும், தம்பி வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோவிலுக்கும் போகிற குடும்பங்கள் நம்மிடம் நிறைய உண்டு. கல்யாணப் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் யாராவது ஒரு மாமா இந்தக் கேள்வியைக் கிளப்புவார். பெரும்பாலும் பதில் ஒன்றுதான் வரும்: "குருடனுக்குக் கண் கொடுத்தார், செத்தவனை எழுப்பினார், அப்போ கடவுள்தானே?" எதிர்த்தரப்பு மாமா விடமாட்டார்: "எங்க சித்தர்களும்தான் செஞ்சாங்க!" அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

நான் 34 ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தியவன். பிறப்பால் சி.எஸ்.ஐ. சபைக்காரன். இறையியல் படித்தவன் இல்லை. அந்தப் பந்திப் பேச்சை வரலாற்று வாத்தியாராகக் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் எதிர்த்தரப்பு மாமா சொல்வதை ஒப்புக்கொண்டுவிடுவோம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சாத்தூர் அருகே அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருமிடத்தில் இருக்கிற இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கண்மலர் வாங்கிச் செலுத்தாத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. கண்நோய், அம்மை, வயிற்று வலி என்று எதற்கும் நேர்ந்துகொண்டு போவார்கள். சுகமானவர்கள் சாட்சி சொல்வார்கள். ஆக, "நோய் தீர்ந்தது" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரைக் கடவுள் என்று நிரூபிக்க நம் ஊரில் முடியாது.

இயேசு வாழ்ந்த காலத்திலும் இதே நிலைமைதான். கிரேக்கர்களுக்கு அஸ்கிலேபியஸ் என்ற வைத்தியக் கடவுள் இருந்தார். எபிதவுரஸ் என்ற ஊரில் இருந்த அவருடைய கோவிலில் நோயாளிகள் இரவு படுத்துறங்குவார்கள். சுகமானவர்கள் கல்வெட்டும் வைத்தார்கள். சுகமான உறுப்பைச் செய்து காணிக்கையாக வைக்கும் வழக்கமும் அந்தக் கோவில்களில் இருந்தது. நம் கண்மலருக்கு அக்கா முறை என்று சொல்லலாம். யூதர்களிலேயே கலிலேயாவில் ஹனினா பென் தோசா என்ற ஏழைப் பக்தர் முதல் நூற்றாண்டில் வாழ்ந்தார். கமாலியேல் என்ற பெரிய ரபியின் மகன் காய்ச்சலில் கிடந்தபோது, ஹனினா தூரத்தில் இருந்தே ஜெபித்தார், காய்ச்சல் விட்டது என்று யூத மரபு சொல்கிறது.

இன்னும் வியப்பான ஒன்று உண்டு. வெஸ்பாசியன் ரோமப் பேரரசரான புதிதில், ஏறத்தாழ கி.பி. 70 அளவில், அலெக்சாந்திரியாவில் ஒரு பார்வையற்றவர் அவர் காலில் விழுந்து, உங்கள் எச்சிலை என் கண்ணில் பூசுங்கள் என்று கேட்டார். வெஸ்பாசியன் முதலில் தயங்கினார். மருத்துவர்களைக் கூப்பிட்டு, இது குணமாகக்கூடிய நோய்தானா என்று விசாரித்தார். பிறகு பூசினார், பார்வை வந்தது என்று தாசித்துஸ் என்ற ரோம வரலாற்றாசிரியர் எழுதுகிறார். மாற்கு சுவிசேஷம் எழுதப்பட்டதும் ஏறக்குறைய அதே காலம்தான். அதிலும் இயேசு எச்சிலைத் தொட்டுப் பார்வை தரும் சம்பவம் வருகிறது. ஆக, அந்தக் காலத்து வாசகனுக்கு அற்புத சுகம் என்பது கேட்டிராத செய்தி அல்ல. பழைய ஏற்பாட்டில் எலியாவும் எலிசாவும் செத்த பிள்ளைகளை எழுப்பியிருக்கிறார்கள். அவர்களை யாரும் கடவுள் என்று சொல்லவில்லை.

அப்படியானால் சுவிசேஷக் கதைகளில் என்ன வித்தியாசமாக இருக்கிறது? நோய் தீர்ந்ததை விட்டுவிட்டு, அதைச் சுற்றி நடந்த பேச்சைக் கவனியுங்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

கப்பர்நகூமில் ஒரு வீடு. கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நாலு பேர் ஒரு திமிர்வாதக்காரரைப் படுக்கையோடு தூக்கி வருகிறார்கள். உள்ளே போக வழியில்லை. மேலே ஏறிக் கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். கட்டைகளைப் பரப்பி, மேலே சுள்ளியும் மண்ணும் போட்டுக் கெட்டித்த கூரை அது. நம் கரிசல் காட்டில் பழைய மண்வீடு பார்த்தவர்களுக்கு, அதைப் பிரிப்பது எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. வந்தது கை கால் விளங்காமல் போனதற்கு. ஆனால் இயேசு முதலில் சொன்னது பாவமன்னிப்பை. உட்கார்ந்திருந்த வேதபாரகர்களுக்கு உடனே சுருக்கென்றது. பாவத்தை மன்னிக்கக் கடவுள் ஒருவரால்தானே முடியும், இவர் யார் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் கேட்டது சரியான கேள்வி. எனக்கு ஒருவர் பணம் தர வேண்டியிருக்கும்போது, நடுவில் வந்த மூன்றாம் மனிதர் "உன் கடனைத் தள்ளிவிட்டேன்" என்று சொல்ல முடியுமா? கடன் கொடுத்தவன்தான் தள்ள முடியும். அந்த அதிகாரம் தமக்கு உண்டு என்பதற்கு அடையாளமாகத்தான் இயேசு அந்த மனிதரைப் படுக்கையை எடுத்துக்கொண்டு நடக்கச் சொன்னார். அந்தக் கதையில் சுகம் என்பது ஒரு முத்திரை. அது குத்தப்பட்ட பத்திரம் வேறு.

இன்னொரு வித்தியாசம், யார் பெயரில் செய்யப்பட்டது என்பது. ஹனினா ஜெபித்தார். எலிசா ஜெபித்தார். பேதுரு பின்னாளில் தேவாலய வாசலில் சப்பாணியை எழுப்பியபோது இயேசுவின் நாமத்தைச் சொன்னார். இயேசுவோ பெரும்பாலும் தம் சொந்த அதிகாரத்தில் கட்டளையிடுகிறார். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். லாசரு கல்லறையில் அவர் பிதாவை நோக்கிப் பேசுகிறார். செவிடரைச் சுகமாக்கும்போது வானத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். சொந்த ஊரான நாசரேத்தில் சில நோயாளிகளைத் தவிர அவரால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை என்று மாற்கு ஒளிக்காமல் எழுதுகிறார். களைத்துப் போகிற, பெருமூச்சு விடுகிற மனிதரும், பாவத்தை மன்னிக்கிற அதிகாரியும் ஒரே ஆளாக அந்தப் பக்கங்களில் நிற்கிறார்கள். இந்த இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் அடுத்த 300 ஆண்டு வழக்கு.

வழக்கு முற்றியது அலெக்சாந்திரியாவில். ஆரியுஸ் என்ற குருவானவர், குமாரனும் படைக்கப்பட்டவரே, படைப்புகளிலெல்லாம் உயர்ந்தவர், ஆனால் பிதாவுக்கு நிகரல்ல என்று போதித்தார். கேட்க எளிமையாக இருந்ததால் வேகமாகப் பரவியது. கி.பி. 325-இல் பேரரசர் கான்ஸ்தந்தீன் இன்றைய துருக்கியில் இருக்கிற நிக்கேயாவில் ஆயர்களைக் கூட்டினார். மரபுக் கணக்குப்படி 318 பேர். குமாரன் பிதாவோடு ஒரே தன்மை உடையவர் என்று அந்தச் சங்கம் தீர்மானித்தது. ஞாயிறுதோறும் நாம் எழுந்து நின்று சொல்கிற நிசேயா விசுவாசப் பிரமாணத்தின் வேர் அது. 2025-இல் அதற்கு 1700 வயது ஆனது.

அந்தத் தரப்பின் பெரிய வாதி அதனாசியுஸ். சங்கம் கூடியபோது அவர் இளம் உதவிக்குரு. சுவிசேஷக் கதைகளை அவர் வாசித்த விதம் எனக்குப் பிடிக்கும். பிறவிக் குருடருக்குப் பார்வை கொடுத்தது, உடைந்ததை ஒட்டிய வேலை அல்ல, பிறக்கும்போதே இல்லாததை உண்டாக்கிக் கொடுத்த வேலை, அது படைத்தவன் கைவேலை என்பது அவர் வாதம். கடிகாரம் நின்றுவிட்டால் யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கலாம். இல்லாத சக்கரத்தைச் செய்து வைக்கக் கடிகாரம் செய்தவன்தான் வரவேண்டும்.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். 1985-இல் விருதுநகர் மாவட்டம் பிரியும்வரை நாம் எல்லோரும் இராமநாதபுரம் மாவட்டக்காரர்கள். அந்தப் பழைய மாவட்டத்தில் இந்தக் கேள்வி ஓர் உயிரைக் கேட்டது.

1690-களின் தொடக்கம். மறவர் சீமையில் கிழவன் சேதுபதி ஆட்சி. தடியத்தேவர் என்ற பாளையத் தலைவர், சேதுபதி பட்டத்துக்கே உரிமை பேசக்கூடிய குடும்பத்தவர், கடும் நோயில் விழுந்தார். வைத்தியம், பூசை எதுவும் பலிக்கவில்லை. ஒரு கிறிஸ்தவ உபதேசியார் வந்து அவர் தலைமாட்டில் சுவிசேஷம் வாசித்து ஜெபித்தார். தடியத்தேவர் எழுந்துவிட்டார் என்று இயேசு சபை மரபு சொல்கிறது. அவர் ஞானஸ்நானம் கேட்டார். அப்போது இந்தச் சீமையில் இருந்தவர் அருளானந்தர். லிஸ்பனில் பிறந்த போர்ச்சுக்கீசியர், இயற்பெயர் ஜான் டி பிரிட்டோ. 1686-இல் ஒருமுறை பிடிபட்டு, அடிபட்டு, சீமையை விட்டு வெளியேற்றப்பட்டவர். ஐரோப்பா போய்விட்டு மறுபடியும் இங்கேயே வந்திருந்தார்.

அருளானந்தர் உடனே சம்மதிக்கவில்லை. பல மனைவியர் உள்ளவர் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டால்தான் ஞானஸ்நானம் என்றார். தடியத்தேவர் ஒப்புக்கொண்டார். மற்றவர்களுக்கு வாழ்க்கைச் செலவுக்கு ஏற்பாடு செய்து விலக்கினார். அவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவுப் பெண். கடலை என்று அவர் பெயர் சொல்லப்படுகிறது. அவர் அரசரிடம் போய் முறையிட்டார். 1693 சனவரியில் அருளானந்தர் கைதானார். பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. சாவதற்கு முன் கரியால் எழுதிய கடிதம் அவருடையது. ஓரியூர் செம்மணலை இன்றும் எடுத்துப் போகிறார்கள். 1947-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

வகுப்பில் இந்தப் பாடம் வரும்போதெல்லாம் நான் பிள்ளைகளிடம் மூன்று பேரின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்கச் சொல்வேன். சுகமானவருக்கு இது நன்றிக்கடன். கழுத்துக் கொடுத்தவருக்கு இது சாட்சி. விலக்கப்பட்ட பெண்ணுக்கோ, தான் செய்யாத தப்புக்குக் கிடைத்த தண்டனை. அவர் முறையிட்டதில் என்ன வியப்பு? நோய் தீர்ந்த கதை ஒரு வீட்டுக்குள் நுழையும்போது எல்லோருக்கும் ஒரே மாதிரி சந்தோஷமாக நுழைவதில்லை. ஒன்று மட்டும் தெளிவு. தடியத்தேவர் சுகம் வாங்கிக்கொண்டு ஒரு காணிக்கையோடு முடித்திருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. சுகமாக்கியவர் யார் என்ற கேள்விக்கு அவர் ஒரு பதிலைச் சொல்லி, அதன்படி வாழ்க்கையை மாற்றப் போனார். அங்கேதான் தலை உருண்டது. கப்பர்நகூமிலும் இதே கதைதான். கூரை பிரிந்ததற்கு யாரும் கோபப்பட்டதாகத் தெரியவில்லை. மன்னிப்புச் சொன்னதற்குத்தான் கோபம்.

பிறகு 1854-இல் சிவகாசிப் பக்கம் ஒருவர் வந்தார். தாமஸ் ராக்லாண்ட். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் உயர்ந்த இடம் பிடித்த படிப்பாளி. கூடாரம் போட்டுக்கொண்டு வடதிருநெல்வேலிக் கிராமங்களில் ஊர் ஊராக நடந்து சுவிசேஷம் சொன்னார். அவருக்கு நுரையீரல் நோய். சுகமாக்கும் கதைகளைச் சொல்லிக்கொண்டு போனவர் தாமே சுகமாகாமல் 1858 அக்டோபரில் சிவகாசியிலேயே இறந்தார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வோமா?

இருபதாம் நூற்றாண்டில் நம் தமிழர்களே இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். சென்னை வழக்கறிஞர் வெங்கல் சக்கரை காந்தி இயக்கத்தில் நின்றவர், தொழிற்சங்கத் தலைவர், 1941-இல் சென்னை மேயர் ஆனவர். இயேசுவை அவதாரம் என்ற நம் சொல்லாலேயே விளக்கினார். ஆனால் வந்த காரியம் முடிந்ததும் மறைந்துபோகிற அவதாரம் அல்ல, எடுத்த மனுஷத்தன்மையை விடாமல் நிலைத்திருக்கிற அவதாரம் என்றார். பாளையங்கோட்டையில் 1891-இல் பிறந்து பின்னாளில் கோயம்புத்தூர்ப் பேராயரான ஏ.ஜே. அப்பாசாமி பக்தி மார்க்கத்தின் வழியில் போனார். பிதாவும் குமாரனும் ஒன்று என்பதை அத்வைதமாகக் கொள்ளாமல், அன்பிலும் செயலிலும் பிரியாத ஒருமையாகக் கண்டார். இராமானுஜர் வழி தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். நிக்கேயாக்காரர்கள் இவர்களிடம் இரண்டு கேள்வி கேட்டிருப்பார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் கிரேக்கச் சொல்லைக் கடன் வாங்காமல் நம் வீட்டுச் சொல்லில் யோசித்த தைரியம் பெரிது.

இனி, இதையெல்லாம் நான் எழுதக் காரணமான விஷயம்.

நம் ஊர்ப் பட்டாசுத் தொழிலில் வருஷம் தவறாமல் விபத்து. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் போனது நம் யாருக்கும் மறக்காது. போனவர்கள் பேர் பேப்பரில் வருகிறது. பிழைத்தவர்கள் பேர் வருவதில்லை. என்னிடம் படித்த ஒரு பையன் மருந்து அறையில் வேலை பார்த்தபோது தீப்பற்றி, பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பினான். கழுத்துத் தோல் இழுத்துக்கொண்டது. வலது கை விரல்கள் உள்ளங்கையோடு மடங்கி ஒட்டிக்கொண்டன. ஒரு ஜெபக்கூட்டத்தில் அவனை மேடையேற்றிக் கை வைத்து ஜெபித்தார்கள். விரல் நிமிரவில்லை. உனக்கு விசுவாசம் பத்தாது என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். பக்கத்து வீட்டில் இன்னொருவர், எந்தப் பிறவியில் என்ன செய்தானோ என்றார். அவன் என்னிடம் வந்து கேட்டான்: "சார், ஏசு சாமிதான்னா எனக்கு ஏன் சார் சுகமாகல?"

வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதான் கிடைக்கும். அவனிடம் நான் மூன்று விஷயம் சொன்னேன்.

முதலாவது, பெதஸ்தா குளம். எருசலேமில் புனித அன்னாள் கோவிலுக்குப் பக்கத்தில் தோண்டி எடுத்து, இன்றும் போய்ப் பார்க்கலாம். அந்தக் குளத்தின் மண்டபங்களில் திரளான நோயாளிகள் படுத்திருந்ததாக யோவான் எழுதுகிறார். அன்று இயேசு எழுப்பியது 38 வருஷம் கிடந்த ஒருவரை மட்டும். அவருக்கும் இயேசு யார் என்றே அப்போது தெரியாது. விசுவாசம் அளந்து பார்த்துக் கொடுக்கப்பட்ட சுகம் இல்லை அது. மற்றவர்கள் அங்கேயே கிடந்தார்கள். அவர்களைக் குறைசொல்லி ஒரு வார்த்தை அந்தக் கதையில் கிடையாது.

இரண்டாவது, பிறவிக் குருடர் கதை. இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்களே கேட்டார்கள். நம் பக்கத்து வீட்டுக்காரர் கேட்ட அதே கேள்வி. இரண்டும் இல்லை என்று இயேசு அந்தக் கணக்கு நோட்டையே மூடிவிட்டார். பாவத்தை மன்னிக்க அதிகாரம் உண்டென்று சொன்ன அதே ஆள்தான், நோயைப் பாவத்தின் ரசீதாகக் காட்டாதே என்றும் சொல்கிறார். அவர் கடவுள் என்று நம்புகிறவன் இந்த இரண்டாவது வார்த்தையையும் கடவுள் வார்த்தையாகத்தானே எடுத்துக்கொள்ள வேண்டும்?

மூன்றாவதுதான் அவன் அதிக நேரம் யோசித்தது. நிக்கேயாவுக்கு வந்த ஆயர்களில் நியோசெசாரியா பவுல் என்று ஒருவர். யூப்ரட்டீஸ் ஆற்றங்கரை ஊர்க்காரர். லிசினியுஸ் என்ற அரசனின் கொடுமையில், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அவருடைய இரண்டு கையையும் சுட்டார்கள். நரம்பு சுருங்கி இரண்டு கையும் விளங்காமல் போயின என்று ஐந்தாம் நூற்றாண்டில் சபை வரலாறு எழுதிய தியோதொரேத்து சொல்கிறார். எகிப்திலிருந்து வந்த இன்னொரு ஆயர் பாப்னூத்தியுஸ். அவருக்கு ஒரு கண் பிடுங்கப்பட்டிருந்தது. இயேசு கடவுளா என்ற கேள்விக்கு உலகச் சபை பதில் சொன்ன மன்றத்தில், சுகமாகாத கையோடும் போன கண்ணோடும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுகமாகாதவனுக்கு அங்கே நாற்காலி இருந்தது. அவன் வாக்கும் எண்ணப்பட்டது.

அந்தப் பையன் தன் கையைப் பார்த்துக்கொண்டே, "இதே மாதிரியா சார்?" என்று கேட்டான். இதே மாதிரிதான் என்றேன்.

அதோடு விட்டுவிடவில்லை. வேலூரில் பால் பிராண்ட் செய்ததையும் சொன்னேன். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த வெள்ளைக்காரர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். தொழுநோயால் மடங்கிப் போன விரல்களை, நல்ல தசைநாரை எடுத்து மாற்றி வைத்து நிமிர்த்தலாம் என்று செய்து காட்டினார். தொழுநோயாளியைத் தொடவே டாக்டர்கள் யோசித்த காலம் அது. சுவிசேஷத்தில் குஷ்டரோகியைச் சுகமாக்கும் முன்பே இயேசு கைநீட்டித் தொட்டார். வார்த்தையாலேயே முடிகிற காரியத்துக்கு ஏன் தொட்டார்? பலகாலம் யாரும் தொடாத உடம்பு அது. சட்டப்படி தொட்டவனுக்குத்தான் தீட்டு ஒட்ட வேண்டும். இங்கே சுத்தம் ஒட்டியது. மடங்கிய விரலை அறுவைச் சிகிச்சையால் ஓரளவு நிமிர்த்தலாம் என்று கேட்டு, அந்தப் பையன் பிறகு பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனான். இரண்டு விரல் நன்றாகப் பிரிந்தது. இப்போது டம்ளரைப் பிடிக்கிறான், கையெழுத்துப் போடுகிறான். இதை அற்புதம் என்பதா, வைத்தியம் என்பதா என்று அவன் வீட்டில் யாரும் சண்டை போடவில்லை.

சரி, பந்திப் பேச்சுக்கு என் பதில் என்ன? நோய் தீர்த்ததால் இயேசு கடவுள் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் தீராத ஒவ்வொரு நோயும் அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். மன்னிக்கும் உரிமை தமக்கு உண்டு என்று சொன்னதாலும், தள்ளிவைத்த உடம்பைத் தொட்டதாலும், உயிர்த்தபின் தோமாவுக்குக் காட்டிய கையில் ஆணிக் காயத்தை மறைக்காமல் வைத்திருந்ததாலும் நான் அவரை நம்புகிறேன். சாவையே வென்றவருக்குத் தம் தழும்பை அழித்துக்கொள்ளவா தெரியாது? வைத்துக்கொண்டார்.

இது என் நம்பிக்கை. கண்மலரோடு வருஷாவருஷம் இருக்கன்குடிக்குப் போகிற என் சித்தி மகனுக்கு அவன் நம்பிக்கை. எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு வேண்டுகோள்: நம் பக்கத்தில் தீக்காயம் பட்டவர்கள் ஏராளம். அவர்களிடம் பாவக் கணக்கும் விசுவாசக் கணக்கும் கேட்காதீர்கள். கேட்கத் தோன்றினால், ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு யாராவது வேண்டுமா என்று கேளுங்கள்.